மலைப் பள்ளியும் மானமும்

நீலகிரியில் ஒருவன் குடியிருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டால் அவனுடைய குலம், தொழில், கூலி ஆகிய மூன்றையும் கேட்பவர் தாமாகவே ஊகித்துக்கொள்வார். தேயிலைத் தோட்டத்தின் மேட்டில் துரை பங்களாவும், அதற்குச் சற்றுக் கீழே தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரும் கணக்கப்பிள்ளையும் வாழும் வீடுகளும், அதற்கும் கீழே தொழிலாளரின் லைன் வீடுகளும் அமைந்திருப்பது தற்செயலாக நேர்ந்ததன்று; மேலிருப்பவன் கீழே நோக்கவும் கீழிருப்பவன் அண்ணாந்து பார்க்கவும் வெள்ளைக்காரர் காலத்தில் வகுக்கப்பட்ட ஒழுங்கு அது. தோட்டத்துக்கு வெளியே படுகரின் ஹட்டி, தோடரின் மந்து, கோத்தரின் கோக்கால், கூடலூர்ப் பக்கத்துப் பணியர் குடியிருப்பு, இலங்கையிலிருந்து வந்தவர்களின் காலனி என்று இன்னும் பல முகவரிகள் உண்டு. ஜூன் மாதத்து மழையில் நனைந்துகொண்டு ஒரே அரசுப் பேருந்தில் வந்து ஒரே உயர்நிலைப் பள்ளியின் வாசலில் இறங்கும் பிள்ளைகள், உபாத்தியாயர் வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே ஒருவரையொருவர் எடைபோட்டு முடித்துவிடுகிறார்கள். முதற்பருவம் முடிவதற்குள் பலருக்குப் பட்டப்பெயரும் ஏற்பட்டுவிடுகிறது.

பட்டப்பெயர்களில் பாதி வெறும் விளையாட்டு. அவற்றைப் பற்றி விசனப்படத் தேவையில்லை. சம பலமுள்ள இருவர் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்வது பிள்ளைப் பிராயத்தின் உரிமை. நார்வே, சுவீடன் ஆகிய தேசங்களின் பள்ளிகளை 1970களிலிருந்து ஆராய்ந்த டான் ஓல்வேயஸ் என்ற உளவியல் பேராசிரியர், விளையாட்டையும் கொடுமையையும் பிரிப்பதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: தீங்கு செய்யும் எண்ணம் இருக்கவேண்டும், அது மீண்டும் மீண்டும் நிகழவேண்டும், செய்பவனுக்கும் படுபவனுக்கும் இடையே பலத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கவேண்டும். மூன்றாவது அடையாளம்தான் நம்முடைய விஷயத்துக்கு ஜீவநாடி. பலம் என்றதும் தோள் பலமே முதலில் நினைவுக்கு வரும்; நம் மலைப் பள்ளிகளிலோ நோஞ்சான் பையன் ஒருவன் தன்னைவிட இருமடங்கு திடகாத்திரமான பணியர் பையனை ஒரே ஒரு சொல்லால் தலைகுனியச் செய்துவிட முடிகிறது. அந்தச் சொல்லுக்குள் இருக்கும் வலு அந்தப் பையனுடையதன்று. அவன் அதைத் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து இரவல் வாங்கி வந்திருக்கிறான்.

இவ்வாறு தலைகுனிந்த பிள்ளைக்கு நாம் கைவசம் வைத்திருக்கும் ஔஷதம் என்ன? ஆண்டுக்கொரு முறை சமவெளியிலிருந்து பேச்சாளர் ஒருவர் வருகிறார், தாழ்வு மனப்பான்மையை உதறித் தள்ளுங்கள், உங்களை நீங்களே மதியுங்கள், அப்போது உலகமும் உங்களை மதிக்கும் என்று கம்பீரமான குரலில் உபதேசம் செய்கிறார், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், பேருந்தில் ஏறியதும் பழைய சொல் பழைய குரலில் மறுபடியும் கேட்கிறது. அந்த உபதேசத்தின் அஸ்திவாரத்திலேயே பிழை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தன்மதிப்பு என்பது பிள்ளையின் நெஞ்சுக்குள் தனியாக ஊறும் ஊற்று என்றும், அது வற்றியதால்தான் அவன் பிறரின் பரிகாசத்துக்கு இலக்காகிறான் என்றும், வற்றியதை அவனே முயன்று நிரப்பிக்கொள்ள வேண்டும் என்றும் அது கருதுகிறது. அடிபட்டவனிடமே வைத்தியச் செலவையும் வசூலிக்கும் காரியம் இது.

இந்த எண்ணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தத்துவ ஞானி வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட உளவியல் நூலில், ஒருவனுடைய தன்மதிப்பு என்பது அவன் அடைந்த வெற்றியை அவன் கொண்ட ஆசையால் வகுத்தால் கிடைக்கும் ஈவு என்று ஒரு கணக்காகவே எழுதினார். மாரிஸ் ரோசன்பெர்க் என்ற சமூகவியலார் நியூயார்க் மாகாணத்தின் பத்து உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 5,024 மாணவர்களை ஆராய்ந்து, 1965-இல் வெளியிட்ட நூலில் பத்தே வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார். இன்றைக்கும் உலகமெங்கும் வளரிளம் பருவத்தினரின் தன்மதிப்பை அளக்க அதைத்தான் எடுக்கிறார்கள். கருவி கைக்கு வந்ததும் அதன்மேல் மோகமும் வந்தது. கலிபோர்னியா அரசு 1986-இல் இதற்கென்று ஒரு விசேஷக் குழுவையே நியமித்து, குடிமக்களின் தன்மதிப்பை உயர்த்திவிட்டால் குற்றம் முதல் கல்வித் தோல்வி வரை சமூகத்தின் நோய்கள் பலவும் தணியும் என்று நம்பியது. ராய் பௌமைஸ்டரும் அவருடைய சகாக்களும் 2003-இல் அதுவரை வந்த ஆராய்ச்சிகளைச் சலித்துப் பார்த்தபோது, தன்மதிப்பை உயர்த்துவதால் படிப்பு உயர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்றும், பெரும்பாலும் நல்ல படிப்பே தன்மதிப்பைத் தருகிறது என்றும் தெரியவந்தது. அந்தச் செய்தி நம் மேடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கொடுமை செய்பவனைப் பற்றியும் ஒரு கருணை நிறைந்த மூடநம்பிக்கை உலவுகிறது. வெளியே முரடனாகத் தோன்றுகிறவன் உள்ளே அச்சமும் தாழ்வுணர்ச்சியும் கொண்டவன் என்றும், அதை மறைக்கவே பிறரை வதைக்கிறான் என்றும் சொல்வதில் நாவல் வாசகருக்கு ஒருவகைத் திருப்தி இருக்கிறது. ஓல்வேயஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். கேள்வித்தாள்களால் மட்டுமல்லாமல் உடலில் சுரக்கும் பதற்ற நீர்களின் அளவைக்கொண்டும் பரிசோதித்தபோது, அந்தப் பையன்களிடம் விசேஷமான அச்சமோ தன்மதிப்பின் குறைவோ தென்படவில்லை. பௌமைஸ்டர் 1996-இல் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போய், வன்முறைக்குக் காரணம் தாழ்ந்த மதிப்பன்று, மிகையாக உயர்ந்து நிற்கும் மதிப்புக்கு யாரேனும் ஊறு விளைவிக்கும்போது எழும் கோபம்தான் என்று வாதிட்டது. நம் நாட்டு அனுபவம் உடையவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தன் பிறப்பால் தனக்கு ஓர் ஆசனம் உண்டு என்று நம்புகிறவனுக்கு, அந்த ஆசனத்துக்கு அருகே வேறொருவன் வந்து சகஜமாக உட்காருவதே அவமதிப்பாகப் படுகிறது.

நாங்குநேரியை நினைத்துப் பார்ப்போம். 2023 ஆகஸ்டு மாதத்தில் திருநெல்வேலி மாவட்டத்து அந்த ஊரில், உடன் படித்தவர்களின் சீண்டல் பொறுக்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர், காரணம் கேட்ட பள்ளியிடம் உண்மையைச் சொன்னார். சொன்னதற்குப் பின் அவர் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பிள்ளைகள்தாம், அதே பள்ளியைச் சேர்ந்தவர்கள்தாம். அவர்களுக்குத் தன்மதிப்பு குறைந்திருந்தது என்று எந்த உளவியலாரும் சொல்லத் துணியமாட்டார். அந்த மாணவர் பொறுத்துக்கொண்டிருந்த வரையில் அரிவாள் வரவில்லை என்பதையும், வாய் திறந்து புகார் சொன்ன பிறகே வந்தது என்பதையும் சேர்த்து யோசித்தால், துணிந்து பேசு, எதிர்த்து நில் என்று தனியொரு பிள்ளைக்குச் சொல்லும் போதனை எவ்வளவு அபாயகரமானது என்பது விளங்கும்.

இனி நீலகிரிக்கே திரும்பி, பழைய ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். 1930களில் இந்த மலைக்கு வந்த மரே எமனோ என்ற மொழியியல் அறிஞருக்கும், டேவிட் மாண்டல்பாம் என்ற மானுடவியல் அறிஞருக்கும் வலக்கையாக இருந்தவர் சுல்லி என்ற கோத்தர். அந்தக் காலத்தில் அந்தச் சமூகத்தில் ஆங்கிலம் கற்றவர் அரிது. சுல்லி கற்றிருந்தார், பள்ளிக்கூட உபாத்தியாயராகவும் இருந்தார். எமனோ 1944 முதல் 1946 வரை நான்கு பாகங்களாக வெளியிட்ட கோத்த மொழிக் கதைத் திரட்டு பெரும்பாலும் சுல்லி சொல்லச் சொல்ல எழுதியதாகும். மாண்டல்பாமோ சுல்லியின் வாழ்க்கையைப் பற்றியே தனிக் கட்டுரை ஒன்று எழுதி 1960-இல் அச்சேற்றினார்.

கோத்தர்கள் அந்நாளில் இந்த மலைக்கு இன்றியமையாதவர்கள். கொல்லு வேலை, மட்கலம், தச்சு, இசை ஆகிய நான்கும் அவர்கள் கையில் இருந்தன. அவர்களுடைய வாத்தியம் ஒலிக்காமல் அயலாரின் சாவுச் சடங்குகூட நடைபெறாது. ஆயினும் செத்த மாட்டின் இறைச்சியை உண்பவர்கள், அயலார் சாவுக்கு வாசிப்பவர்கள் என்று காரணம் சொல்லி, அவர்களை நம்பி வாழ்ந்த அயலாரே அவர்களைத் தாழ்வாகக் கருதினார்கள். சுல்லி கண்ட பரிகாரம், எந்தெந்த அடையாளங்களைக் காட்டி மற்றவர்கள் இகழ்கிறார்களோ அவற்றை ஒவ்வொன்றாகக் களைந்துவிடுவது என்பது. முதலில் அவர் தம் தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டார். நீண்ட முடியை முடிந்துகொள்வது கோத்த ஆண்களின் சம்பிரதாயம். ஊரார் கொதித்தெழுந்தார்கள். இகழப்பட்ட ஒருவன் இகழ்ச்சியிலிருந்து தப்ப முயன்றபோது அவனை முதலில் தண்டித்தவர்கள் அவனுடைய சொந்த ஜனங்களே என்பது இந்த வரலாற்றின் கசப்பான பகுதி. காலப்போக்கில் ஊரில் பலர் அவர் பக்கம் சாய்ந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

சுல்லியைப் பற்றி மாண்டல்பாம் குறிப்பிடும் ஒரு சிறு விஷயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அபாரமான கதைசொல்லியாகிய அவர் விவரிக்கும் நிகழ்ச்சிகளில் அவரே பெரும்பாலும் நடுநாயகமாக நிற்பாராம். நடந்ததைவிடச் சற்றுச் சீராகவும் அழகாகவும் கதை அமைந்துவிடுமாம். இதை வெறும் தற்பெருமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சுற்றிலும் இருப்பவர்கள் எவரும் தம்மைப் பற்றி நல்ல கதை சொல்லாத இடத்தில் பிறந்த மனிதன், தன் கதையைத் தானே சொல்லக் கற்றுக்கொள்கிறான். அதைக் கேட்டு, எழுதி, மதிக்கக் கடல் கடந்து இரண்டு பேர் வந்தது அவருடைய பாக்கியம். சுல்லியின் தன்மதிப்பு உபதேசத்தால் வந்ததன்று. அவருக்குக் கௌரவமான ஒரு வேலை இருந்தது. அந்த வேலையைச் செய்ய அவரைவிட்டால் வேறு ஆள் இல்லை என்ற நிலை இருந்தது.

ஆனால் அடையாளத்தைக் களையும் வழி எல்லாருக்கும் திறந்திருப்பதில்லை. முடியைக் கத்தரிக்கலாம், முகவரியை எப்படிக் கத்தரிப்பது? இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நேர்ந்தது இதுதான். 1948-இல் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று பங்கிட்டது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974-இல் செய்த மற்றோர் ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. மனிதர்களை நெல் மூட்டைகளைப் போல் எண்ணிப் பங்கிட்ட இந்தக் கணக்கில், வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டு, 1976-இல் அவை டான்டீ என்று எல்லாரும் அழைக்கும் கழகமாயின. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர் என்று பல இடங்களில் அவர்கள் குடியமர்ந்தார்கள்.

தாய்நாட்டுக்குத் திரும்பியவர்கள் என்பது அரசாங்கக் காகிதத்தில் அவர்களுக்குரிய பெயர். ஊரில் அவர்களுக்கு வாய்த்த பெயர் சிலோன்காரர். அகதி என்று சொன்னவர்களும் உண்டு. இரு அரசுகள் செய்த உடன்படிக்கையின்படி இந்தியக் குடிமக்களாக வந்தவர்களை அகதி என்பது சட்டப்படியே பிழை என்பதை வகுப்பில் யார் போய் விளக்குவது? இந்த மண்ணில் பிறந்து, இலங்கையைக் கண்ணாலும் கண்டிராத பேரப்பிள்ளைகள் வரைக்கும் அந்தப் பெயர் தொடர்ந்து வந்திருக்கிறது. தகப்பன் ஓய்வுபெற்றால் தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்ற விதி தலைக்குமேல் தொங்க, எங்கள் வீடு என்று சொல்லிக்கொள்ள வீடில்லாத பதினான்கு வயதுப் பிள்ளையிடம் நீ யார், எந்த ஊர் என்று ஒருவன் கேலியாகக் கேட்கும்போது, அந்தக் கேள்விக்கு அவனிடம் உண்மையாகவே விடை இல்லை. பரிகாசத்தில் மிகக் கொடியது பொய்யைச் சொல்லி இகழ்வதன்று, படுபவனாலேயே மறுக்க முடியாததைச் சொல்லி இகழ்வதுதான்.

மூன்றாவது கதை கூடலூரைச் சேர்ந்தது. மூன்றிலும் நம்பிக்கைக்கு இடமளிப்பதும் அதுவே. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய ஆதிவாசிகள் வாழும் பள்ளத்தாக்கு அது. இவர்களில் பணியர்கள் தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளரிடம் கொத்தடிமைகளாக இருந்தவர்கள். வயநாட்டின் வள்ளியூர்க்காவுக் கோயில் திருவிழாவில் ஆண்டுக் கூலிக்கு அவர்களைப் பேசி அமர்த்திக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அத்தகைய வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வந்தால், வகுப்பில் பேசும் தமிழ் அவனுடைய வீட்டு மொழி அன்று. அவன் வாய் திறந்தால் சிரிப்பு எழும். வாய் திறக்காவிட்டால் மந்தன் என்ற பெயர் நிலைக்கும். சில மாதங்களில் அவன் வருவதை நிறுத்திவிடுவான். காட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று பெரியவர்கள் முடிவு கட்டுவார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஸ்டான் தேக்கேக்கராவும் மாரி தேக்கேக்கராவும் சகாக்களுடன் அங்கே தொடங்கிய அக்கார்டு என்ற அமைப்பு, பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. முதலில் நிலம். ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவாயிற்று. பறிபோன நிலங்களை மீட்கும் கோரிக்கையோடு 1988 டிசம்பரில் ஏறத்தாழ 10,000 ஆதிவாசிகள் கூடலூர் வீதியில் ஊர்வலம் போனார்கள். அதுவரை கடைத்தெருவில் ஓரமாக ஒதுங்கி நடந்தவர்கள் நடுவீதியில் நடந்ததைப் பிள்ளைகள் பார்த்தார்கள். 1990-இல் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. அதில் தாதியராகப் பயிற்சி பெற்றுப் பணிசெய்தவர்கள் அந்தந்தக் குடியிருப்புகளின் பெண்களே. தொண்ணூறுகளில் ராமதாஸ், ரமா சாஸ்திரி தம்பதியர் நடத்திய வித்யோதயா பள்ளி ஆதிவாசிப் பிள்ளைகளின் பள்ளியாக மாறியது; ஆசிரியர்களில் பலர் ஆதிவாசிகள்; பிள்ளைகளின் பாட்டும் கதையும் மொழியும் பள்ளிக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வரவேண்டிய செருப்புகளாக இல்லாமல் பாடத்துக்குள்ளேயே இடம்பெற்றன. நிலமும் மருத்துவமனையும் வந்தபின்தான் பள்ளி வேரூன்றியது என்பதை, தன்மதிப்பைப் பாடத்திட்டத்தில் சேர்க்கத் துடிப்பவர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஊசி போடும் அக்கா தன் குடியிருப்பைச் சேர்ந்தவள் என்று கண்ட பெண்பிள்ளைக்கு, நீ தாழ்ந்தவளல்ல என்று ஒருவர் மேடையேறிச் சொல்லவேண்டிய அவசியம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இங்கே ரோசன்பெர்க்கின் பிற்காலத்து ஆராய்ச்சி ஒன்று உதவுகிறது. ராபர்ட்டா சிம்மன்ஸ் என்பவருடன் சேர்ந்து பால்டிமோர் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1971-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். காலங்காலமாக இகழப்பட்ட கறுப்பினப் பிள்ளைகளின் தன்மதிப்பு வெள்ளையரைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், குறைவாக இல்லை. காரணம், அந்தப் பிள்ளைகள் தங்களை அளந்துகொண்டது தூரத்து வெள்ளையனோடு அல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு. அவர்களை மதித்தவர்களும் அவர்களுடைய சொந்தத் தாய் தந்தையரும் தோழரும் உபாத்தியாயருமே. தம்மவர் குறைவாக உள்ள சூழலில் தனித்து வளரும் பிள்ளையே அதிகம் நொந்துபோகிறான் என்பதை மத வேறுபாடுகளைக் கொண்டும் அவர் முன்பே காட்டியிருந்தார். ஆகவே தன்மதிப்பு என்பது பிள்ளைக்குள் இருக்கும் பொருள் என்பதைவிட, அவனைச் சூழ்ந்திருக்கும் சகவாசத்தின் குணம் என்று சொல்வதே பொருத்தம்.

இதிலிருந்து ஒரு தர்மசங்கடமும் பிறக்கிறது. அதை மறைத்துப் பயனில்லை. தம்மவர் மத்தியில் படித்தால் மானம் காக்கப்படுகிறது என்றால், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிப் பள்ளி வேண்டும் என்று ஆகிவிடாதா? அரசு நடத்தும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் ஒருவகையில் அந்த ஏற்பாடுதான். பிரித்து வைப்பது சிறுபிராயத்தில் நிழல். என்றைக்கேனும் ஒருநாள் அந்த நிழலை விட்டுக் கூடலூருக்கோ உதகைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்த்தான் ஆகவேண்டும், போகும்போது பதின்மூன்று பதினான்கு வயது ஆகியிருக்கும், பிறர் கண்ணுக்கு மிகவும் கூசும் பிராயமும் அதுவே. என் துணிபு இது: தொடக்கப் பள்ளியில் வீட்டு மொழியும் தன் இனத்து ஆசிரியரும் இருக்கட்டும், மேல்வகுப்புக்குப் போகையில் ஒரு குடியிருப்புப் பிள்ளையைத் தனியாக ஒரு வகுப்பில் கொண்டுபோய் வைக்காமல், நான்கைந்து பேரை ஒரே பிரிவில் சேர்த்து உட்காரவைக்க வேண்டும். பிரிவுகளில் பிள்ளைகளைச் சமமாகப் பரப்பிவிடுவதே சமத்துவம் என்று நினைக்கும் தலைமையாசிரியர்கள், தெரியாமலேயே ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஒண்டிப் பலியைத் தேர்ந்து கொடுக்கிறார்கள்.

நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் தமிழக அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் மாதத்தில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும், சாதி காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டத் தடை விதிக்கவும், பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்கவும் அது பரிந்துரைத்தது. சுல்லியும் அடையாளங்களைக் களையச் சொன்னார், சந்துருவும் களையச் சொல்கிறார். ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு யுகத்தின் தூரம் இருக்கிறது. அன்று இகழப்பட்டவன் தன் அடையாளத்தைக் களைந்தான்; இன்று இகழ்பவனின் செருக்கு அடையாளத்தைக் களையும்படி அரசிடம் சொல்லப்படுகிறது. இதை நான் மனமார ஆதரிக்கிறேன். அகர வரிசை மட்டும் எங்கள் மலைக்குப் போதாது என்று மேலே கூறிய காரணத்தால் கருதுகிறேன்; புதிதாக வந்து சேரும் சிறுபான்மைப் பிள்ளைக்கு முதல் ஆண்டிலேனும் அருகில் ஒரு துணை வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற பெட்டி இருக்கிறது. 14417 என்ற தொலைபேசி எண்ணும் 1098 என்ற எண்ணும் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன. நல்ல ஏற்பாடுகள். இருநூறு பிள்ளைகள் படிக்கும் மலைப் பள்ளியில், எல்லாரும் கடந்துபோகும் வராந்தாவில் தொங்கும் பெட்டிக்குள் யார் காகிதம் போட்டது என்பது மாலைப் பேருந்துக்குள் தெரிந்துவிடும் என்பதையும் யோசித்திருக்கலாம். புகார் சொல்லும் பாரத்தைப் படுபவன் தலையிலேயே வைக்கும் எந்த ஏற்பாடும் அரைகுறையே. அந்தப் பாரத்தை வேறு யார் சுமப்பது?

டொரண்டோ நகரத்துத் தொடக்கப் பள்ளி மைதானங்களில் ஒளிப்பதிவுக் கருவி வைத்து ஹாக்கின்ஸ், பெப்ளர், கிரெய்க் ஆகிய மூவர் செய்து 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடையளிக்கிறது. சீண்டல் நடந்த சந்தர்ப்பங்களில் 88 சதவீதத்தில் மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 19 சதவீதத்தில்தான் யாரேனும் குறுக்கிட்டார்கள். குறுக்கிட்டபோதோ பாதிக்கு மேற்பட்ட தடவைகளில், அதாவது 57 சதவீதத்தில், பத்து விநாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவாலி இந்தப் பார்வையாளர்களையே குறிவைத்து வகுத்த கீவா என்ற திட்டம் 2009 முதல் அந்த நாட்டுப் பள்ளிகளில் பரவலாக நடைபெறுகிறது. சீண்டுபவனுக்குத் தேவை பலியாள் மட்டுமல்ல, சபையும்கூட. சபை சிரிக்காவிட்டால் அவனுடைய ஆசனம் ஆடிப்போகிறது. படுபவனின் உள்ளத்தை ஒடிப்பதும் அந்த ஒருவனின் சொல்லைவிட, சுற்றியிருந்த முப்பது பேரின் சிரிப்பும் மௌனமும்தான். இந்த ஊரே என்னை இப்படித்தான் பார்க்கிறது என்ற முடிவுக்கு அவன் வருவது அவர்களைக் கண்டுதான். நார்வேயில் 1982 இறுதியில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டபின் ஓல்வேயஸ் நடத்திய இயக்கத்திலும், பெர்கன் நகரத்தில் சுமார் 2,500 பிள்ளைகளிடையே கொடுமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, முழுப் பள்ளியையும் பெற்றோரையும் அதில் இழுத்ததால்தான்.

கைத்தொலைபேசி வந்தபின் இந்தச் சபை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் விழுகிறது. சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அதைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

இந்தக் கட்டுரை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒருவர் கண்ணிலேனும் படுமானால், அவரிடம் கேட்க எனக்கு ஒரு சிறிய விஷயம் இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் இடையில் நின்றுவிட்ட பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளிவாரியாக மட்டும் தயாரிக்காமல் குடியிருப்புவாரியாகவும் தயாரியுங்கள். எந்தக் காலனி, எந்த லைன், எந்த ஆதிவாசிக் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளைகள் எந்த வகுப்பில், எத்தனை பேர் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் அதில் சேருங்கள். காரணம் என்ற கட்டத்தில் ‘படிப்பில் ஆர்வமில்லை’ என்று நிரப்புவதற்கு முன், நின்றுபோன பிள்ளையின் பெற்றோரைக் கேட்பதோடு நில்லாமல், அந்தப் பிள்ளைக்கு முன்வரிசையிலும் பின்வரிசையிலும் உட்கார்ந்திருந்தவர்களைத் தனித்தனியே அழைத்து விசாரியுங்கள். அவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.